பாரிசவாயு: மின்சாரமும் அப்பியாசமும்

காவிரிப் பாசனத்து ஊர் ஒன்றிலிருந்து நமக்கு ஒரு கடிதம் வந்திருக்கின்றது. எழுதியவர் ஓர் இளைஞர். அவருடைய தந்தையார் 32 ஆண்டுகள் ஆரம்பப் பாடசாலையில் உபாத்தியாயராயிருந்து ஓய்வு பெற்றவர். இரண்டு ஆண்டுகளுக்கு முன் அவருக்குப் பாரிசவாயு கண்டது. உயிர் தப்பிற்று; வலக்கை தப்பவில்லை. தோள் சிறிது அசைகின்றது. விரல்கள் மடங்கி நிற்கின்றன. அருகிலுள்ள நகரத்தில் ஒரு ஸ்தாபனத்தார், தலையில் மின்சாரம் பாய்ச்சிக் கையை மீட்டுத் தருவதாகவும், பத்து அமர்வுகளில் பலன் தெரியுமென்றும், அதற்கு இன்ன தொகை ஆகுமென்றும் கூறியிருக்கின்றனராம். அத்தொகைக்குக் குடும்பத்தார் தமக்குள்ள ஒன்றரைக் காணி நிலத்தை விற்கவேண்டும். “விற்கலாமா, வேண்டாமா?” என்று அவ்விளைஞர் நம்மைக் கேட்கின்றார்.

நாம் வைத்தியரல்லோம். ஆயினும், இருதரப்புச் சாட்சியத்தையும் கேட்டு, எது நிரூபணம், எது வெறும் வாய்ச்சொல் என்று பிரித்தறியும் தொழிலில் பழகியவராதலின், இக்கேள்வியை ஒதுக்கிவிட நமக்கு மனமில்லை. இத்தகைய கடிதம் இதுவே முதலுமன்று. தனித்தனியே விடை எழுதுவதினும், விஷயத்தை வெளிப்படையாக ஆராய்ந்து, நமது முடிவையும் அதற்குரிய காரணங்களையும் நேயர்கள் முன் வைத்தலே முறையென எண்ணுகின்றோம்.

முதற்கண் பாரிசவாயு இன்னதென்பதைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். மூளைக்குச் செல்லும் இரத்தக் குழாய் அடைபடுதலாலோ வெடித்தலாலோ இந்நோய் உண்டாகின்றது. அடைப்பினால் வருவதே பெரும்பான்மை. இரத்தம் எட்டாத மூளைப் பகுதி சிறிது நேரத்தில் மாண்டுபோகின்றது. மூளையின் இடப்பாகம் உடலின் வலப்பாகத்தை ஆள்வதாகலின், இடப்பக்கம் அழிந்தால் வலக்கை விழுகின்றது. கையில் ஊனம் யாதொன்றுமில்லை. எலும்பும் தசையும் முன்போலவே இருக்கின்றன. அவற்றுக்கு ஆணையிடும் இடம்தான் அழிந்துபோயிற்று. எஜமானன் இறந்த வீட்டில் வேலையாட்கள் செய்வதறியாது நிற்பதைப் போன்றதே அந்நிலை.

மாண்ட பகுதி மீண்டும் உயிர்பெறுவதில்லை. இவ்வுண்மையை முன்னிட்டே, முன்னாட்களில் வைத்தியர்கள் சில மாதங்கள் சென்றபின், “இனி வந்தது வந்ததுதான்” என்று கையை விரித்துவிட்டனர். அம்முடிவு தவறென்பது பின்னர்ப் புலப்பட்டது. 1996-ஆம் ஆண்டில் அமெரிக்க விஞ்ஞானி ராண்டால்ப் நூடோவும் அவர் கூட்டாளிகளும் ஸ்குவரல் குரங்குகளைக் கொண்டு செய்த ஆராய்ச்சி இவ்விஷயத்தில் மிக முக்கியமானது. மூளையில் கையை ஆளும் பகுதியிற் சிறு பாகம் அழிந்த குரங்குக்குப் பயிற்சி கொடாது விட்டால், அழியாமல் எஞ்சியிருந்த கைப்பகுதியும் சுருங்கிப்போயிற்று. விடாப் பயிற்சி அளித்த குரங்குகளிலோ எஞ்சிய பகுதி நிலைபெற்றது. சிலவற்றில் முன்பு முழங்கைக்கும் தோளுக்கும் உரியதாயிருந்த இடத்திலும் அது பரவிற்று. அஃதாவது, இறந்த எஜமானனுடைய பொறுப்பை அடுத்த வீட்டுக்காரர் ஏற்றுக்கொள்கின்றனர். ஆனால், வேலை வந்துகொண்டேயிருந்தால்தான் ஏற்கின்றனர்.

மனிதரிடத்தும் இஃது உண்மையென்பதை 2006-ல் வெளியான மற்றோர் ஆராய்ச்சி காட்டிற்று. எட்வர்ட் டாப் என்னும் அறிஞர் வகுத்த முறைப்படி, நோயாளியின் நல்ல கையை உறையிட்டுக் கட்டிவிட்டு, நலிந்த கையாலேயே எல்லாக் காரியங்களையும் இரண்டு வாரங்கள் செய்யச் செய்தனர். பாரிசவாயு கண்டு மூன்று முதல் ஒன்பது மாதங்கள் ஆன 222 பேர் அப்பரீட்சையிற் சேர்ந்தனர். நலிந்த கை தேறிற்று; அத்தேர்ச்சி ஓராண்டுக்குப் பின்னும் நிலைத்து நின்றது. இதற்கு மின்சாரமுமில்லை, அறுவையுமில்லை. உழைப்பு ஒன்றே மூலதனம்.

இனி மின்சாரத்தின் கதைக்கு வருவோம். மூளை மின்சாரத்துக்கு இணங்கும் உறுப்பென்பதை 1870-ஆம் ஆண்டில் பெர்லினில் பிரிட்ஷ், ஹிட்ஸிக் என்னும் இருவர் நாயின் மூளையில் மின்சாரம் தொட்டுக் கால் அசையக் காட்டி நிரூபித்தனர். 1985-ல் இங்கிலாந்தின் ஷெபீல்டு நகரில் ஆன்டனி பார்க்கர் என்பவர், மண்டையோட்டைத் திறவாமல், வெளியிலிருந்தே காந்த விசையால் மூளையைத் தூண்டும் கருவியைச் செய்தார். 2000-ல் ஜெர்மனியின் கோட்டிங்கன் நகரத்து நிட்ஷெ, பவுலஸ் என்போர், மிக மெல்லிய நேர்மின்சாரத்தைத் தலையின்மேற் சில நிமிஷங்கள் பாய்ச்சினால், மூளையின் இணக்கம் கூடவோ குறையவோ செய்யலாமெனக் காட்டினர். இவற்றைக் கண்ட வைத்தியர்களுக்கு ஓர் எண்ணம் உதித்தது. பயிற்சியால் மூளை தன்னைத் திருத்திக்கொள்கின்றது. மின்சாரத்தால் அதன் இணக்கம் மிகுகின்றது. இரண்டையும் கூட்டினால் பலன் பெருகாதா என்பதே அவ்வெண்ணம்.

எண்ணம் நியாயமானதே. கொல்லனுடைய உலையை நோக்குக. நெருப்பு தானாகவே கொழுவைச் செய்துவிடாது, சம்மட்டிதான் செய்கின்றது. ஆனால் குளிர்ந்த இரும்பு சம்மட்டிக்கு இணங்காது. மின்சாரம் நெருப்பு, அப்பியாசம் சம்மட்டி. நெருப்பை மூட்டிவிட்டுக் கொல்லன் வீட்டுக்குப் போய்விட்டால், இரும்பு சிவந்து பின் கறுப்பதையன்றி வேறு யாது நிகழும்? இதுவே நமது வாதத்தின் மூலம். இதனைச் சாட்சியங்கள் ஆதரிக்கின்றனவா என்று பார்ப்போம்.

மின்சாரத்தின் கட்சிக்குள்ள மிகச் சிறந்த சாட்சி 2021-ஆம் ஆண்டில் ‘லான்செட்’ பத்திரிகையில் வெளியான பரீட்சையாகும். கிளாஸ்கோ சர்வகலாசாலையைச் சேர்ந்த ஜெஸ்ஸி டாசனும் அவர் கூட்டாளிகளும் அமெரிக்காவிலும் பிரிட்டனிலுமுள்ள 19 வைத்திய நிலையங்களில் இதனை நடத்தினர். இங்கே மின்சாரம் நேராக மூளைக்குச் செல்லவில்லை. கழுத்தின் இடப்பக்கத்தில் ஓடும் வேகஸ் என்னும் நரம்பைச் சுற்றி ஒரு கம்பியை அமைத்து, மார்புத் தோலின் கீழ் ஒரு சிறு கருவியைப் புதைக்கின்றனர். வேகஸ் நரம்பு மூளையின் அடித்தண்டுக்குச் செய்தி கொண்டுசெல்வது. அச்செய்தி எட்டியவுடன் அசிட்டைல்கோலின், நோரெபிநெப்ரின் முதலிய இரசங்கள் மூளையில் வெளிப்படுகின்றன. “இப்பொழுது செய்த காரியத்தை மறவாதே” என்று மூளைக்கு முத்திரை குத்துவன இவ்விரசங்களே.

ஆதலின் எல்லாம் நேரத்தைப் பொறுத்தது. நோயாளி கையை நீட்டிப் பாத்திரத்தை எடுக்கும் அதே வேளையில், அருகிலுள்ள பயிற்சியாளர் பொத்தானை அழுத்துகின்றார்; அரை விநாடி நேரம் மின்சாரம் செல்கின்றது. மறுமுறை கை நீளும்போது மறுமுறை அழுத்துகின்றார். ஓர் அமர்வில் 300-க்கு மேற்பட்ட தடவைகள். வாரத்துக்கு மூன்று அமர்வுகளாக, ஆறு வாரங்களில் 18 அமர்வுகள். அதன் பின்னரும் வீட்டில் பயிற்சி தொடர்ந்து நடந்தது.

இப்பரீட்சையின் நேர்மையை நாம் மெச்சுகின்றோம். சேர்ந்தவர் 108 பேர். எல்லோரும் பாரிசவாயு கண்டு ஒன்பது மாதங்களுக்கு மேலாகிப் பத்தாண்டுக்குட்பட்டவர்கள். அஃதாவது, இனித் தானாகத் தேறும் காலம் கடந்தவர்கள். எல்லோருக்கும் அறுவை செய்யப்பட்டது. எல்லோருக்கும் ஒரே அப்பியாசம் அளிக்கப்பட்டது. 53 பேருக்கு மெய்யாகவே மின்சாரம் பாய்ந்தது. 55 பேருக்குப் பாய்வதுபோற் பாவனை மட்டுமே. யாருக்கு எது என்பது நோயாளிக்கும் தெரியாது, பலனை அளந்தவருக்கும் தெரியாது. கையின் திறத்தை அளக்கப் பியூகல்-மேயர் என்னும் அளவை உண்டு; அதில் நலமான கைக்கு 66 புள்ளிகள். ஆறு வாரப் பயிற்சி முடிந்தவுடன், மின்சாரம் பெற்றவர்கள் சராசரி 5 புள்ளிகள் உயர்ந்தனர், பெறாதவர்கள் 2.4 புள்ளிகள் உயர்ந்தனர். 90 நாட்கள் சென்றபின், வாழ்க்கையிற் பயன்படத்தக்க அளவு முன்னேறியவர்கள் முதல் வகுப்பில் நூற்றுக்கு 47 பேர். இரண்டாம் வகுப்பில் 24 பேர். இதனை ஏற்று, 2021-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகத்தார் இக்கருவிக்கு அனுமதி வழங்கினர்.

இச்சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்யாது விடலாகாது. நூற்றுக்கு 47 பேர் முன்னேறினரெனின், 53 பேர் அவ்வளவுக்கு முன்னேறவில்லை என்பதும் அதனுள் அடங்கியதே. இரு வகுப்புக்கும் சராசரி வேற்றுமை மூன்று புள்ளிக்கும் குறைவு. சேர்ந்தவர் நூற்றுச் சொச்சம் பேரே. இரத்தக் கசிவினால் நோய் கண்டவர்கள் இதிற் சேரவில்லை. கழுத்தை அறுப்பதென்பது விளையாட்டுமன்று. இப்பரீட்சையிலேயே ஒருவருக்கு அறுவையினால் குரல் நாண் நலிந்தது. எனினும், இவ்வளவும் கழித்தபின் எஞ்சுவது மெய்யான பலனே என்பதை நாம் மறுக்கவில்லை. அவ்வனுமதியின் வாசகத்தை மாத்திரம் நேயர்கள் ஊன்றி நோக்கவேண்டும். அந்நிர்வாகத்தார் மின்சாரத்துக்கு அனுமதி கொடுக்கவில்லை. அப்பியாசத்தோடு கூடிய மின்சாரத்துக்கே கொடுத்தனர்.

இனி எதிர்க்கட்சிச் சாட்சிகளைக் கூப்பிடுவோம். மண்டையோட்டைத் திறந்து, மூளையின் உறைமேல் மின்தகடு பதித்து, அப்பியாசத்தோடு மின்சாரம் செலுத்தும் முறையொன்று முன்னர்ப் பெரிதும் பேசப்பட்டது. சிறு பரீட்சைகளில் அது மிக நன்றாகத் தோன்றிற்று. ‘எவரஸ்ட்’ என்று பெயரிட்டுப் பெரிய பரீட்சை நடத்தினர். 2008-ன் தொடக்கத்தில் முடிவு வெளியாயிற்று: மின்சாரம் பெற்றவர்க்கும் பெறாதவர்க்கும், முன்கூட்டியே குறித்த அளவையின்படி, வேற்றுமையில்லை. அக்கருவியைச் செய்த கம்பெனி சில காலத்தில் தன் கணக்கை முடித்துக்கொண்டது. பின்னர் ஆராய்ந்தோர் ஒரு காரணம் கூறினர்: மூளையிலிருந்து கைக்குச் செல்லும் நரம்புப் பாதை உயிரோடிருந்தவர்கள் முந்திய சிறு பரீட்சைகளில் மிகுதி, பெரிய பரீட்சையிற் குறைவு. பாதையே அழிந்தபின் தூதனை எவ்வளவு விரட்டினாலும் பயனென்ன?

2018-ல் இரண்டாம் சாட்சி. பார்க்கர் கண்ட காந்த முறையைக் கொண்டு, அமெரிக்காவில் 199 பேருக்கு ஆறு வாரங்களில் 18 அமர்வுகள் அளித்தனர். ஒவ்வோர் அமர்விலும் அப்பியாசம் உண்டு. நோய் கண்டு மூன்று மாதம் முதல் ஓராண்டுக்குட்பட்டவர்கள் இவர்கள். முடிவு யாதெனில், மெய்யான தூண்டல் பெற்றவர்களில் நூற்றுக்கு 67 பேர் குறிப்பிடத்தக்க அளவு முன்னேறினர். போலித் தூண்டல் பெற்றவர்களில் நூற்றுக்கு 65 பேர் முன்னேறினர். மூன்றாவது சாட்சி, நிட்ஷெ, பவுலஸ் வழிவந்த மெல்லிய மின்சாரத்தைப் பற்றியது. நல்ல கையைக் கட்டிப் பயிற்றும் முறையோடு 2 மில்லி ஆம்பியர், 4 மில்லி ஆம்பியர் என்னும் இரு அளவுகளில் அமெரிக்காவிற் கொடுத்துப் பார்த்தனர். அபாயமொன்றுமில்லை என்பது தெரிந்தது. கைக்கு அதனால் மேலதிக நன்மையுமில்லை என்பதும் தெரிந்தது.

இரண்டாம் சாட்சியின் வாக்குமூலத்தில் நாம் மிகவும் கவனிப்பது ஒன்றுண்டு. போலி மின்சாரம் பெற்றவர்களிலும் மூவரில் இருவர் தேறினரன்றோ? நோயின் முதலாண்டில் இயற்கையாக நிகழும் தேர்ச்சியும் அதிற் கலந்திருக்கலாம். ஆயினும், அப்பியாசம் முறையாக நடந்த இடத்தில் இவ்வளவு பேர் முன்னேறினரென்பது மறைக்க முடியாதது. மின்சாரத்தின் பெயரால் கூட்டம் கூடுகின்றது. காரியத்தை முடித்துவிட்டுப் பேசாது மூலையில் நிற்பது அப்பியாசம். எந்தப் பரீட்சையை எடுத்தாலும் நாம் காணும் காட்சி இதுவே.

நான்காவதாக ஒரு புதிய செய்தியும் உண்டு. அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரத்து வைத்தியர் ஆந்திரே மச்சாடோவும் அவர் குழுவினரும், சிறுமூளையின் உள்ளே ஒரு நுண்கம்பியைப் பதித்துத் தூண்டிப் பார்த்தனர். 2023-ல் வெளியான அவர்தம் அறிக்கைப்படி, 12 பேரில் 9 பேர் முன்னேறினர். விரல்களிலும் மணிக்கட்டிலும் ஏற்கெனவே சிறிது அசைவு எஞ்சியிருந்தவர்கள் 15 புள்ளிகள் அளவுக்கு உயர்ந்தனர். நம்பிக்கை தரும் செய்தியே. ஆனால் 12 பேரைக் கொண்டு உலகத்துக்கு விதி வகுத்தல் இயலாது. ‘எவரஸ்ட்’ கதையும் சிறு பரீட்சையின் வெற்றியிலேதான் தொடங்கிற்று. அச்செய்தியிலும் ஒரு பாடம் உளது. எஞ்சியிருந்தது பெருகிற்று, இல்லாதது தோன்றவில்லை.

ஆகவே சாட்சியங்களின் சாரம் இவ்வளவே. அப்பியாசமின்றி மின்சாரத்தால் கை மீண்டதாக இவற்றுள் ஒரு சாட்சியும் கூறவில்லை. அப்பியாசத்தோடு கூடிய மின்சாரத்திலும், சில வகைகள் சிலருக்குப் பயன்பட்டன. சில வகைகள் பயன்படவில்லை. எவ்வகை, எவருக்கு, எந்நேரத்தில் என்பதில்தான் எல்லாம் அடங்கியிருக்கின்றது. இந்நிலையில், நோயாளியைப் பரீட்சியாமல், அப்பியாசமும் இல்லாமல், பத்து அமர்வில் கை வருமென்று விலை பேசுவோர் வைத்தியம் செய்கின்றனரா, வியாபாரம் செய்கின்றனரா என்பதை நேயர்களே தீர்மானித்துக்கொள்க.

“அப்பியாசம் எங்கும் நடந்துகொண்டுதானே இருக்கின்றது, அதில் என்ன குறை?” என்று சிலர் கேட்கக்கூடும். குறை அளவில் இருக்கின்றது. 2009-ல் வெளியான ஓர் ஆராய்ச்சியில், அமெரிக்காவிலும் கனடாவிலும் பிசியோதெரபி முதலிய பயிற்சிகள் நடக்கும்போது அருகிலிருந்து எண்ணிப் பார்த்தனர். ஓர் அமர்வில் நலிந்த கை காரியார்த்தமாக அசைந்தது சராசரி 32 தடவைகளே! மேலே நாம் கூறிய வேகஸ் பரீட்சையில் 300-க்கு மேல் என்பதை இதனோடு ஒப்பிடுக. செல்வம் கொழிக்கும் தேசங்களிலேயே இந்நிலையெனின், ஒரு பயிற்சியாளருக்கு வரிசையாகப் பலர் காத்திருக்கும் நமது ஆஸ்பத்திரிகளைப் பற்றி நாம் கூறவேண்டுவதில்லை.

அளவு கூடினால் என்ன நிகழுமென்பதற்கு லண்டன் நகரத்துக் குயீன் ஸ்கொயர் ஆஸ்பத்திரியில் நிக் வார்ட் என்பவரின் குழுவினர் உதாரணம் காட்டினர். மூன்று வாரங்களில் 90 மணி நேரம் கைக்குப் பயிற்சி அளித்தனர். 224 பேர் அதில் சேர்ந்தனர்; பலர் நோய் கண்டு நெடுநாளானவர்கள். 2019-ல் அவர்கள் வெளியிட்ட கணக்கின்படி, ஆறு மாதங்களுக்குப் பின் கையின் உயர்வு பியூகல்-மேயர் அளவையில் நடுத்தரமாக 9 புள்ளிகள். ஒப்பிட்டுப் பார்க்க வேறொரு வகுப்பு அதில் இல்லை. ஆகவே வேகஸ் பரீட்சைக்குச் சமமான நிரூபணமென்று நாம் வாதிக்கவில்லை. ஆயினும், பல ஆண்டுகளாய் விழுந்து கிடந்த கை உழைப்பினால் எழக்கூடுமென்பதை எவர் மறுக்கக்கூடும்?

“வீட்டிலுள்ளோரே அப்பியாசம் செய்வித்துவிட்டால் போதாதா? பயிற்சியாளர் எதற்கு?” என்பது மற்றொரு கேள்வி. இதற்கு விடை நமது தேசத்திலேயே கிடைத்திருக்கின்றது. இந்தியாவில் 14 ஆஸ்பத்திரிகளில் 1250 நோயாளிகளைக் கொண்டு, குடும்பத்தாருக்குக் கற்பித்து அவர்களைக் கொண்டே வீட்டில் பயிற்சி அளிக்கும் பரீட்சை ஒன்று நடந்தது. 2017-ல் முடிவு வெளியாயிற்று. ஆறு மாதங்களுக்குப் பின் இறந்தோர், பிறரைச் சார்ந்து வாழ்வோர் ஆகியோரின் தொகை இரு வகுப்பிலும் நூற்றுக்கு 47, வேற்றுமையில்லை. குடும்பத்தாரின் அன்பு குறைவென்று இதற்குப் பொருளன்று. தாயன்பும் மனைவியின் பணிவிடையும் நோயாளியைக் காக்கும். ஆயின், எந்தத் தசையை எப்பொழுது எவ்வளவு வருத்துவதென்பது ஒரு வித்தை. அன்பினால், “வேண்டாம் அப்பா, சிரமப்படாதீர்கள்” என்று மகள் வாயில் ஊட்டிவிடும் ஒவ்வொரு கவளமும், அக்கை செய்திருக்கக்கூடிய ஒரு பயிற்சியைப் பறித்துக்கொள்கின்றது. கற்றறிந்த பயிற்சியாளருக்கு மாற்று வேறில்லை.

நாம் விஞ்ஞானத்தின் விரோதிகளல்லோம். மின்சாரத் தூண்டலை ஆராய்தல் வேண்டாமென்று நாம் கூறுவதாக எவரும் கொள்ளலாகாது. ஆராய்தல் வேண்டும்; நமது நாட்டிலேயே ஆராய்தல் வேண்டும். அதற்குரிய வைத்தியர்களும் கலாசாலைகளும் நம்மிடம் இல்லாமலில்லை. ஆனால் வரிசை பிறழலாகாது. அஸ்திவாரம் தோண்டுமுன் கலசம் வைக்க முயல்வது அறிவுடைமையாகாது. ஆகையால் சர்க்காருக்கும் பொதுஜனங்களுக்கும் நாம் சொல்லவேண்டுவன சில உள.

முதலாவது, அப்பியாச சிகிச்சையை எண்ணி அளக்கவேண்டும். 2021-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் தமிழ்நாட்டு அரசாங்கத்தார் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ என்னும் திட்டத்தில், பயிற்சியாளர் நோயாளியின் வீட்டுக்கே செல்லும் ஏற்பாடு சேர்க்கப்பட்டது. இதனை நாம் மனமாரப் பாராட்டுகின்றோம். ஆயின் எத்தனை வீடுகளுக்குச் சென்றனரென்ற கணக்கு மட்டும் போதாது. ஒவ்வொரு நோயாளிக்கும் எத்தனை மணி நேரம் கிடைத்தது, கை எத்தனை தடவை அசைந்தது, மூன்று மாதத்தில் அளவை எவ்வளவு உயர்ந்தது என்னும் கணக்கு வேண்டும். வீட்டுக்குச் சென்ற எண்ணிக்கை உத்தியோகஸ்தருக்குப் பெருமை. கை உயர்ந்த எண்ணிக்கையே நோயாளிக்குப் பயன்.

இரண்டாவது, அப்பியாசத்தைச் சேர்க்காமல் தூண்டலை மட்டும் விற்பதைத் தடுக்க விதி வேண்டும். பாரிசவாயு நோயாளிக்கு மின்சாரமோ காந்தமோ செலுத்துமுன், அம்முறையால் இதுவரை தெரிந்த பலன் இவ்வளவு, தெரியாதது இவ்வளவு என்று தாய்மொழியில் எழுதிக் கொடுத்து ஒப்பம் பெறவேண்டும். வாக்குறுதி கொடுத்துப் பணம் பெறுவோர், அவ்வாக்குறுதியை எழுத்தில் கொடுக்கக் கடமைப்பட்டவர்கள். எழுதிக் கொடுக்க மறுப்பவரிடம் பணம் கொடாதிருக்கும் உரிமை நோயாளிக்கு எக்காலத்தும் உண்டு.

மூன்றாவது, நமது அரசாங்க வைத்தியக் கலாசாலைகள் கூடி, போலித் தூண்டலோடு ஒப்பிட்டு நேர்மையான பரீட்சை நடத்தவேண்டும். அதிற் சேரும் நோயாளியிடம் ஒரு காசும் வாங்கலாகாது. பணம் கொடுத்துப் பரீட்சைக்கு ஆளாவது எவ்வகை நியாயம்? நான்காவது, பொதுப் பணத்தைக் கருவி வாங்கச் செலவிடுமுன், அதே பணத்துக்கு எத்தனை பயிற்சியாளர்களை எத்தனை ஆண்டு வைத்துக்கொள்ளலாமென்று கணக்கிட்டு, அக்கணக்கைச் சட்டசபையின் முன் வைக்கவேண்டும்.

பொதுவாழ்வில் ஈடுபட்டுள்ள நமது அன்பர்களுக்கும் ஒரு சொல். ஒவ்வோர் ஊரிலும் பாரிசவாயுவால் திண்ணையில் அமர்ந்திருப்போர் சிலராவது இருப்பர். நேற்று வரை ஏர் பிடித்தவர், தறி நெய்தவர், மேடையேறிப் பேசியவர் அவர்கள். நீங்கள் கூட்டம் கூட்டும் மண்டபம் பகலில் பூட்டிக் கிடக்கின்றதன்றோ? வாரத்தில் மூன்று நாட்கள் அதனைத் திறந்து, ஒரு பயிற்சியாளரை அழைத்து, அவர்களை ஒன்றுசேர்த்துப் பயிற்சி செய்விக்க என்ன தடை? ஒருவர் கை நீட்டுவதைக் கண்டு மற்றொருவர் நீட்டுவர். இதற்குச் சட்டம் வேண்டாம். சந்தாவும் பெரிதாக வேண்டாம். மற்றொன்றையும் எச்சரிக்கின்றோம்: மின்கலத்தையும் கம்பியையும் வாங்கித் தலையிலே கட்டிக்கொண்டு தாமே வைத்தியம் செய்துகொள்வோர் அங்குமிங்கும் தோன்றியிருக்கின்றனர். தோல் வெந்து போகும். காந்தத் தூண்டலோ சிலருக்கு வலிப்பையும் உண்டாக்கக்கூடும். தலையில் உலோகம் பதிந்தோருக்கும் இருதயத்தில் கருவி பொருத்தியோருக்கும் அபாயமாகவும் முடியலாம். வைத்தியர் மேற்பார்வையின்றி இவற்றை எவரும் தொடலாகாது.

இனி, நமக்குக் கடிதம் எழுதிய இளைஞருக்கு நேராக விடையளிக்கின்றோம். தம்பி, நிலத்தை விற்கவேண்டாம். அந்த ஸ்தாபனத்தாரிடம் சென்று ஐந்து கேள்விகள் கேளும். எந்த வகைத் தூண்டல்? அதோடு அப்பியாசம் உண்டா. ஓர் அமர்வில் கை எத்தனை தடவை அசையும்? என் தந்தையின் கைக்குச் செல்லும் நரம்புப் பாதை எஞ்சியிருக்கின்றதா என்று பரீட்சித்தீரா? அளவையில் இன்று எத்தனை புள்ளி; எத்தனைக்கு உயருமென்கின்றீர்? உயராவிடின் பணத்தைத் திருப்பித் தருவதாக எழுதித் தருவீரா? இவ்வைந்துக்கும் தெளிவான விடை வாராவிடின், வந்த வழியே திரும்பிவிடும். திரும்பும் வழியில் அரசாங்க ஆஸ்பத்திரிக்குச் சென்று பயிற்சியாளரைக் கண்டு, வீட்டில் நாள்தோறும் செய்யவேண்டியவற்றை எழுதி வாங்கி, மாதம் ஒருமுறை அளந்து பார்க்கச் சொல்லும். இரண்டு ஆண்டு கழிந்துவிட்டதேயென்று சோர்வடையவேண்டாம். லண்டனில் தேறியவர்களிற் பலருக்கும், வேகஸ் பரீட்சையில் சேர்ந்தவர்களுக்கும் நாட்கள் கழிந்தே இருந்தன. முன்பிருந்தபடியே கை திரும்புமென்று நாம் ஆசை காட்டமாட்டோம். ஆனால் சட்டைப் பொத்தானை மாட்டவும், தம்ளரைப் பற்றவும், கையெழுத்திடவும் வந்தாலும் அது சிறிதன்று.

மற்றொரு கேள்வியை உம்முடைய தந்தையாரிடமே கேளும். “அப்பா, அந்தக் கையால் முதலில் என்ன செய்ய விரும்புகின்றீர்கள்?” என்று கேட்டு, அவர் சொல்வதையே முதற் பயிற்சியாக வைத்துக்கொள்ளும். 32 ஆண்டுகள் கரும்பலகையின் முன் நின்றவர் என்ன சொல்வார் என்பதை நாம் ஊகிக்கக்கூடும். ஒரு துண்டுச் சுண்ணக்கட்டியும் ஒரு பலகையும் வாங்க நிலத்தை விற்கவேண்டுவதில்லை. நாளைக் காலையிலேயே தொடங்கலாம்.